கொடி சாய்ந்தபின் நிலைத்த சமயம்

கொழும்பு கொச்சிக்கடையிலுள்ள புனித அந்தோனியார் ஆலயத்துக்குச் செவ்வாய்க்கிழமை ஒன்றிற் சென்று பார்த்தவர்கள் அங்குள்ள காட்சியை எளிதில் மறக்கமாட்டார்கள். நெற்றியில் திருநீறணிந்த தாயொருத்தி மெழுகுதிரி ஏற்றுவாள். அவளுக்குப் பக்கத்தில் வெள்ளைச் சேலையுடுத்த சிங்கள மூதாட்டி கைகூப்பி நிற்பாள். யார் கத்தோலிக்கர், யார் சைவர், யார் பௌத்தர் என்று அங்கே எவரும் எவரையும் கேட்பதில்லை.

ஆனால் ஆலயத்துக்கு வெளியே, அரசியல் மேடைகளிலே, கத்தோலிக்கரை நோக்கி ஒரு கேள்வி தலைமுறை தலைமுறையாகக் கேட்கப்பட்டு வந்திருக்கின்றது. "நீங்கள் எவருடைய மக்கள்? இந்த நாட்டுக்கு உரியவர்களா, அன்னியனுக்கு உரியவர்களா?" என்பதே அக்கேள்வி.

வரலாற்று வகுப்பொன்றில் மாணவன் ஒருவன் இதனையே வேறு விதமாக நம்மிடம் கேட்டான். "போர்த்துக்கேயர் போனபோது அவர்களுடைய மதமும் ஏன் போகவில்லை, ஐயா?" என்றான். அன்று மணி அடித்துவிட்டது. விடை சொல்ல அவகாசம் இருக்கவில்லை. அவனுக்குச் சொல்ல நினைத்ததையே இங்கு எழுதுகின்றோம்.

வாளின் நிழலில்

கத்தோலிக்க சமயம் ஈழத்துக்கு வந்தபோது அதற்குப் பக்கத்தில் ஒரு கொடியும் ஒரு வாளும் வந்தன என்பதை மறுக்க முடியாது. 1505ஆம் ஆண்டளவிற் போர்த்துக்கேயர் இங்கு வந்தனர். 1543இல் பிரான்சிஸ்கன் குருமார் கோட்டைக்கு வந்தனர். கோட்டை மன்னன் தர்மபாலன் 1557இல் ஞானஸ்நானம் பெற்றான். 1580இல் தன் நாட்டையே போர்த்துக்கல் மன்னனுக்கு எழுதிக் கொடுத்தான். விகாரைகளுக்குரிய நிலங்கள் குருமாரின் கைக்கு மாறின. யாழ்ப்பாணம் 1619இற் கைப்பற்றப்பட்டபின் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் இடிக்கப்பட்டது, திருக்கோணேச்சரமும் தரைமட்டமாயிற்று. சைவராகிய நாம் இவற்றை மறக்க இயலாது. மறைக்க வேண்டியதும் இல்லை.

எனினும் அதே காலத்தின் மற்றொரு பக்கத்தையும் நாம் படித்தல் வேண்டும். பிரான்சிஸ் சவேரியார் அனுப்பிய குருவொருவரிடம் மன்னார் மக்கள் ஞானஸ்நானம் பெற்றனர். 1544இல் யாழ்ப்பாண மன்னன் சங்கிலி அவர்களை வெட்டுவித்தான். இறந்தவர் ஏறக்குறைய 600 பேர் என்பது வழிவழி வந்த கணக்கு. மன்னனின் கண்ணுக்கு அவர்கள் அன்னியனோடு சேர்ந்த துரோகிகளாய்த் தோன்றினர். ஆனால் மடிந்தவர்களுள் அன்னியர் இல்லை. தமிழ் பேசிய ஏழை மக்களே மடிந்தனர். "நீங்கள் எவருடைய மக்கள்?" என்ற கேள்விக்கு இத்தீவிற் செலுத்தப்பட்ட முதற் பெருவிலை அதுவே.

குருவில்லாத முப்பதாண்டு

1656இல் கொழும்பும் 1658இல் யாழ்ப்பாணமும் ஒல்லாந்தர் வசமாயின. போர்த்துக்கேயக் கொடி சாய்ந்தது. ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருமாரைத் துரத்தினர். ஒளித்து வைப்போருக்கு மரணதண்டனை என்று 1658இல் ஆணையிட்டனர். உத்தியோகம் வேண்டுவோர் ஒல்லாந்தரின் சபையிலே பெயர் பதியவேண்டியதாயிற்று. பிள்ளைகளின் ஞானஸ்நானத்தையும் விவாகத்தையும் அங்கேயே பதிந்தனர்.

அந்நாளிற் சைவரும் கத்தோலிக்கரும் ஒரே அச்சத்தில் வாழ்ந்தனர் என்பது பலர் எண்ணிப் பாராத செய்தி. விரத நாளில் உணவுண்ட வாழையிலையை வெளியே எறியப் பயந்து கூரையிற் செருகி மறைத்த கதையை நம் வீட்டு முதியோர் சொல்லக் கேட்டிருக்கின்றோம். அடுத்த வளவிலே கத்தோலிக்கக் குடும்பம் கதவைச் சாத்திவிட்டுச் செபமாலை சொல்லிற்று. பகலில் இருவரும் ஒல்லாந்தரின் கோயிலிற் பக்கத்துப் பக்கத்தில் அமர்ந்திருந்தனர்!

மாணவனின் கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கின்றது. அரசின் ஆதரவினாலேயே ஒரு சமயம் வாழ்வதாயின், அந்த முப்பது ஆண்டுகளில் அது அழிந்திருக்க வேண்டும். சலுகைக்காக மாறியவர்களிற் பலர் புதிய எசமானரின் சபைக்கு மாறியே விட்டனர். குருவும் இல்லாமல், கோயிலும் இல்லாமல், பதவியும் இல்லாமல் எஞ்சி நின்றவர்களுக்கு அது சொந்தச் சமயமாகிவிட்டது.

பௌத்த மன்னன் தந்த அடைக்கலம்

1687இற் கோவையைச் சேர்ந்த குருவொருவர் தூத்துக்குடி வழியாகக் கூலியாள் வேடத்தில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். அவரே யோசேவ் வாஸ் அடிகள். போர்த்துக்கேயரின் கோவையிற் பிறந்தவராயினும் அவர் இந்தியர். கழுத்திற் செபமாலையுடன் வீடு வீடாகப் பிச்சை கேட்டு, அதைக் கண்டு முகம் மலர்ந்தவர்களைக் கத்தோலிக்கர் என அடையாளம் கண்டுகொண்டார் என்பர். சில்லாலையில் மறைந்திருந்து இரவில் பூசை செய்தார். தமிழைக் கற்றார், பின்னர் சிங்களமும் கற்றார்.

ஒல்லாந்தரின் தேடுதல் கடுமையாகவே, அவர் புத்தளம் வழியாகக் கண்டி நாட்டுக்குள் நுழைந்தார். 1692இற் போர்த்துக்கேயரின் உளவாளி என்ற ஐயத்தின்பேரிற் சிறையிடப்பட்டார். அங்கும் அதே பழைய கேள்விதான்! ஆனால் இரண்டாம் விமலதர்மசூரிய மன்னன் அவரைக் கவனித்துப் பார்த்தான். அவருடைய வாழ்க்கையே அவருக்குச் சாட்சியாயிற்று. பின்னர் கண்டியில் அம்மைநோய் பரவியது. உற்றாரும் நோயாளரைக் கைவிட்டு ஓடியபோது, அடிகள் அவர்களுக்குக் கஞ்சி கொடுத்தார், புண் கழுவினார், இறந்தோரைத் தம் கையாலே புதைத்தார். நோயாளி பௌத்தனா கத்தோலிக்கனா என்று அவர் பார்க்கவில்லை.

கிறிஸ்தவராகிய ஒல்லாந்தர் துரத்திய குருவுக்குப் பௌத்த மன்னன் அடைக்கலம் தந்தான் என்பதை நம் பிள்ளைகள் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் வேண்டும். அடிகள் 1711இற் கண்டியிலேயே காலமானார். 2015 சனவரி 14ஆந் தேதி காலிமுகத் திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். அவருக்குத் துணையாக 1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வேஸ் அடிகள் தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் இயற்றி, அச்சமயத்தை இந்நாட்டு மொழிகளிலேயே பேசவைத்தார்.

பள்ளியும் அரசும்

ஆங்கிலேயர் காலத்தில் நிலை மாறிற்று. தேசாதிபதி மெயிற்லன்ட் 1806இற் கத்தோலிக்கருக்கு எதிரான தடைகளை நீக்கினார். இங்கிலாந்திலேயே கத்தோலிக்கர் பாராளுமன்றத்தில் அமரும் உரிமையை 1829இலேதான் பெற்றனர் என்பதை மாணவர் ஒப்பு நோக்குக. பின்னர் கல்லூரிகள் எழுந்தன. நல்லூர்ச் சுவாமி ஞானப்பிரகாசரும் தனிநாயகம் அடிகளும் தமிழாராய்ச்சிக்குச் செய்த தொண்டு சமயப் பேதமின்றி நம் அனைவருக்கும் உரியது.

அக்கல்லூரிகளே பின்னர் அரசியற் பிணக்குக்கும் காரணமாயின. உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகளை 1960இன் இறுதியில் அரசாங்கம் கையேற்கச் சட்டமியற்றியது. கத்தோலிக்கப் பெற்றோர் பாடசாலைகளுக்குள்ளேயே தங்கி எதிர்ப்புத் தெரிவித்தனர். அரசாங்கத்தின் பக்கத்திலும் நியாயம் இல்லாமலில்லை. பொதுப்பணத்திற் பெரும்பங்கு பெற்ற பாடசாலைகள், நாட்டின் சிறுபான்மைச் சமயத்தார் கையிலே மிகையாக இருந்தன. நாவலர் பெருமான் 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப் பாடசாலை தொடங்கியதும், மிஷனரிமாரின் பாடசாலைகளுக்குப் போன சைவப் பிள்ளைகளை எண்ணியே. ஆனால் அதே சட்டம் சைவர் அரிசி சேர்த்தும் பிடிபணம் சேர்த்தும் கட்டிய பாடசாலைகளையும் கொண்டுபோயிற்று. அயலவன் வீட்டு வேலி பிடுங்கப்படும்போது நம் வேலியையும் ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது அன்று நாம் கற்ற பாடம்.

1962 சனவரியில் இராணுவ, பொலிஸ் உத்தியோகத்தர் சிலர் ஆட்சியைக் கவிழ்க்கச் சதி செய்தனர் எனக் குற்றஞ் சாட்டப்பட்டது. அவர்களுட் பெரும்பாலோர் கிறிஸ்தவர். சிலர்மீது எழுந்த பழி ஒரு சமூகத்தின்மேலேயே நிழலாய் விழுந்தது. 1966இலிருந்து 1971வரை ஞாயிறு விடுமுறை நீங்கிப் போயா நாட்கள் விடுமுறையாயின. கத்தோலிக்கத் தொழிலாளி விடியற்காலைப் பூசை கண்டுவிட்டு வேலைக்கு ஓடினான். 1972ஆம் ஆண்டு அரசியலமைப்பு பௌத்தத்துக்கு முதன்மையிடம் வழங்கியது.

இரு மொழியில் ஒரு செபம்

2012ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி நாட்டு மக்களில் நூற்றுக்கு ஆறு பேர் கத்தோலிக்கர். அவர்களிற் சிங்களவரும் உளர், தமிழரும் உளர். நம் நாட்டின் இரு பெரும் மொழியினரும் ஒரே பலிபீடத்தின்முன் மண்டியிடும் சமூகங்கள் வேறு எத்தனை உள? போர்க்காலத்தில் மடுத் திருப்பதி அகதிகளுக்கு வீடாயிற்று. 1999 நவம்பரில் அங்கும் எறிகணை விழுந்து, அடைக்கலம் புகுந்தோர் பலர் மாண்டனர். மொழி பிரித்த நாட்டில் ஒரே சமயத்தார் இரு பக்கமும் நின்று தம் இறந்தோருக்காக அழுதனர்.

2019 ஏப்பிரல் 21ஆந் தேதி, உயிர்த்த ஞாயிறு. நாம் தொடக்கத்திற் கூறிய அதே கொச்சிக்கடை ஆலயத்திலும், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி ஆலயத்திலும், மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்திலும், கொழும்பு விடுதிகளிலும் குண்டுகள் வெடித்தன. 250க்கு மேற்பட்டோர் மாண்டனர். பழிவாங்க வேண்டாம் என்று பேராயர் தம் மக்களைக் கேட்டுக்கொண்டார். ஆயினும் அடுத்த மாதமே சில ஊர்களிற் குற்றமற்ற முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் தாக்கப்பட்டன. "நீங்கள் எவருடைய மக்கள்?" என்ற கேள்வி இம்முறை அவர்களை நோக்கித் திரும்பிற்று.

ஆகவே அம்மாணவனுக்கு நாம் சொல்லும் விடை இது: தம்பி, போர்த்துக்கேயர் போனார்கள், அவர்களுடைய கோட்டைகள் இடிந்தன. அந்தச் சமயத்துக்காக இந்த மண்ணில் ஒளிந்திருந்தவர்களும், நோயாளியின் புண்ணைக் கழுவியவரும், இந்த மண்ணிலேயே புதைக்கப்பட்டனர். ஒரு சமூகம் நாட்டுக்கு உரியதா என்பதை அது எந்தக் கப்பலில் வந்தது என்று பார்த்துத் தீர்மானிக்காதே. அது தன் இறந்தோரை எங்கே புதைத்திருக்கின்றது, தன் பிள்ளைகளுக்கு எந்த மொழியிற் செபம் சொல்லிக் கொடுக்கின்றது என்று பார். இன்னொருவனை நோக்கி அந்தக் கேள்வியைக் கேட்க உன் வாய் எழும்போது, அது ஒருநாள் உன்னையும் நோக்கிக் கேட்கப்பட்டதை நினைத்துக்கொள்.