ஒரே பெட்டிக்குள் இரண்டு காலம்

கியர் பெட்டியிலிருந்து தட்டில் வடித்த எண்ணெயை வெயிலில் வைத்துப் பார்த்தபோது பொன்துகள் போல மினுமினுத்தது. காந்தத்தை விட்டுக் கிளறினேன். நுனியில் கொஞ்சம் கரிய விழுதுதான் ஒட்டியது. மினுமினுப்பு எண்ணெயிலேயே நின்றது. இரும்பாக இருந்தால் காந்தத்தோடு வந்திருக்கும். உள்ளே தேய்ந்துகொண்டிருந்தது வெண்கலம்.

வண்டி அம்பாசிடர். பிரிட்டனின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரைத் தழுவி, கொல்கத்தாவுக்கு அருகே உத்தரபாராவில் 2014 வரை தயாரானது. எங்களுடையது ஸ்டியரிங்குக்குக் கீழே கியர் கம்பி நீட்டிக்கொண்டிருக்கும் பழைய நான்கு கியர் வண்டி. மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கும்போதெல்லாம் கரகரவென்று ஒரு சத்தம். அதைக் கேட்கும்போது எனக்கே பல் கூசும்.

வண்டியின் கீழே நுழைகிறவர்கள் ஜாக்கியை மட்டும் நம்பக் கூடாது. உறுதியான தாங்கிகள் நான்கு வேண்டும். அதன் பிறகு இரண்டு பேராகப் பெட்டியை இறக்கி, வாசலில் சாக்கு விரித்து வைத்தோம். பக்கத்துத் தெரு மெக்கானிக் பெரியவர் திண்ணையில் வந்து உட்கார்ந்தார்.

"கழட்டுறது பெரிசில்ல தம்பி. கழட்டுன வரிசையிலயே துணியில பரப்பி வைங்க. திரும்ப மாட்டும்போது அந்தத் துணிதான் உங்களுக்குப் புத்தகம்."

மூடியைத் திறந்தால் மூன்று தண்டுகள். கிளட்சிலிருந்து வரும் முன் தண்டு ஒன்று. அதற்கு நேர் பின்னால், சக்கரங்களை நோக்கிப் போகும் மெயின் ஷாஃப்ட். இரண்டுக்கும் கீழே லே ஷாஃப்ட். இதில் பலருக்கும் வியப்பு தரும் செய்தி ஒன்று உண்டு. இரண்டு, மூன்று கியர்களின் பற்சக்கரங்கள் லே ஷாஃப்ட்டின் பற்களோடு எப்போதும் கோத்தபடியே சுழல்கின்றன. அவை பிரிவதும் இல்லை, சேர்வதும் இல்லை. மெயின் ஷாஃப்ட்டின் மேல் அவை கையில் கிடக்கும் வளையல் மாதிரி சும்மா உருள்கின்றன. நாம் கியர் மாற்றுகிறோம் என்றால், அவற்றில் ஒன்றைத் தண்டோடு பூட்டுகிறோம், அவ்வளவுதான். பூட்டுவது ஸ்லீவ் என்னும் பல் வைத்த உறை. டாப் கியரில் ஸ்லீவ் பூட்டுவது பற்சக்கரத்தை அல்ல, முன் தண்டையே. முன் தண்டும் பின் தண்டும் நேராகக் கைகோத்து ஒரே வேகத்தில் சுழல்கின்றன.

சிக்கல், பூட்டும் கணத்தில் இருக்கிறது. எங்கள் வண்டியின் மெயின் ஷாஃப்ட் நிமிடத்துக்கு 1,000 சுற்று சுற்றுகிறது என்று வையுங்கள். மூன்றாவது கியரின் விகிதம் ஏறத்தாழ ஒன்றரை, ஆகவே முன் தண்டு 1,500 சுற்றில் இருக்கும். இரண்டாவது கியரின் விகிதம் ஏறத்தாழ இரண்டேகால். அந்தக் கணத்தில் இரண்டாவது பற்சக்கரம் சுற்றுவது 670 வாக்கில்தான். 670-இல் சுழல்வதை 1,000-இல் சுழலும் தண்டோடு பூட்ட வேண்டும். நேராக மோதவிட்டால் கரகரப்பு.

இந்த வித்தியாசத்தைத் தீர்ப்பது உள்ளங்கையில் அடங்கும் ஒரு வெண்கல வளையம். மெக்கானிக்குகள் சின்க்ரோ ரிங் என்பார்கள். அதன் உட்புறம் லேசாகச் சரிந்திருக்கும். பற்சக்கரத்திலும் அதே சரிவில் ஒரு கூம்பு. எவர்சில்வர் டம்ளர்களை ஒன்றுக்குள் ஒன்று அழுத்தி வைத்தால் எப்படிப் பிடித்துக்கொள்கின்றன? சரிவு குறையக் குறையப் பிடி இறுகும். மிகவும் குறைந்தால் டம்ளரைப் போலவே கழற்ற முடியாமல் சிக்கிவிடும். அதனால் ஆறேழு டிகிரி வாக்கில் நிறுத்துகிறார்கள்.

வளையம் கூம்பை உரசும்போது, அந்த இழுப்பில் தானும் அரைப் பல் அளவு திரும்புகிறது. உடனே அதன் விளிம்புப் பற்கள் ஸ்லீவின் வழியை மறித்து நிற்கின்றன. வேகம் ஒன்றாகும்வரை ஸ்லீவ் உள்ளே போகாது. ஒன்றானதும் உரசல் ஓய்கிறது, வளையம் விலகி வழிவிடுகிறது. வெறும் உரசலை வைத்தே ஒரு காவல்காரனை உண்டாக்கியிருக்கிறார்கள்! அமெரிக்கரான எர்ல் தாம்ஸன் உருவாக்கிய சின்க்ரோமெஷ் 1928-இல் காடிலாக் கார்களில் வந்தது. மறிக்கும் வளையம் அதன் வழிவந்த மேம்பாடு.

வளையத்தின் உட்புறத்தில் நூலிழை போன்ற வரிகள் ஓடும். நடுவில் தங்கும் எண்ணெய்ப் படலத்தை அறுத்து உலோகத்தோடு உலோகம் உரச வைப்பது அவைதான். எங்கள் இரண்டாவது கியர் வளையத்தில் அந்த வரிகளை விரலால் தேடினேன். கண்ணாடி மாதிரி வழுக்கியது. கூம்பின் மேல் அழுத்தியபோது, இடையில் இருக்க வேண்டிய சிறு இடைவெளியும் இல்லை. எண்ணெயில் மினுங்கியது இந்த வரிகளின் தூள்தான். எண்ணெயைப் பற்றியும் ஒரு வார்த்தை: ஜிஎல்-5 வகையில் கந்தகச் சேர்மங்கள் கூடுதல். அவற்றில் சில வெண்கலத்தை அரிக்கும். கூடுதலாக வழுக்கினாலும் வளையத்துக்குப் பிடி கிடைக்காது. பழைய பெட்டிக்கு அதன் கையேடு சொல்வதையே ஊற்றுங்கள்.

வளையத்தை எடுக்கும் வழி நீளமானது. லே ஷாஃப்ட்டைத் தட்டி வெளியேற்றும்போதே, அதே பருமனில் சற்றுக் குட்டையான தண்டு ஒன்றைப் பின்னாலேயே நுழைக்க வேண்டும்; இல்லையேல் உள்ளிருக்கும் ஊசி உருளைகள் உதிரும். அப்போது லே ஷாஃப்ட்டின் பற்கூட்டம் பெட்டியின் அடியில் இறங்கி வழிவிடும். அதன் பிறகுதான் மெயின் ஷாஃப்ட் பின்பக்கமாக வரும். ஸ்லீவை அதன் உள்ளே இருக்கும் ஹப்பிலிருந்து கழற்றும்போது பெரியவர் துணியைப் போர்த்தச் சொன்னார். ஸ்பிரிங்கோடு இருந்த மூன்று குண்டுகளும் துணிக்குள்ளேயே துள்ளி விழுந்தன.

அந்த ஸ்லீவின் வெளிச்சுற்றில்தான் முதல் கியரின் பற்கள். மற்றவை சாய்வாக வெட்டிய பற்கள், இவை நேர்ப்பற்கள். இதற்கு வளையம் கிடையாது. முதல் கியர் போடும்போது இந்தச் சக்கரமே நகர்ந்துபோய் லே ஷாஃப்ட்டின் பல்லில் நேராகக் கோத்துக்கொள்ளும். ரிவர்ஸும் நேர்ப்பல்தான், பின்னால் எடுக்கும்போது ஊளையிடுவது அதனால்தான். பற்களை நகர்த்திக் கோக்கும் இந்த முறையைப் பிரான்சில் பான்ஹார் லெவாஸோர் நிறுவனம் 1891 வாக்கில் காருக்குக் கொண்டுவந்தது. அதற்கு ஒரு விரற்கடை தள்ளி, அதே தண்டில், தாம்ஸனின் யோசனை. எனக்கு அன்று முழுவதும் அந்த ஸ்லீவைக் கீழே வைக்க மனமில்லை.

முதல் கியர்ப் பற்களின் ஒரு பக்க விளிம்பு மட்டும் சிதைந்து மழுங்கியிருந்தது. பெரியவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வண்டி முழுசா நிக்கறதுக்கு முன்னாடியே யாரோ ஃபர்ஸ்ட் போட்டிருக்காங்க. ஒரு நாள் வேலையில்ல இது, பல வருஷம்."

இரண்டாவது கியருக்குப் புது வளையம் மாட்டினோம். பேரிங்குகளும் ஆயில் சீலும் மாற்றினோம். மூடுவதற்கு முன், முன் தண்டிலும் பின் தண்டிலும் சாக்பீஸால் கோடு போட்டுக் கையால் சுற்றிப் பார்த்தேன். டாப்பில் ஒன்றுக்கு ஒன்று. மூன்றாவதில் முன் தண்டு ஒன்றரைச் சுற்று சுற்றியதும் பின் கோடு மேலே வந்தது. இரண்டாவதில் இரண்டேகால். முதல் கியரில் மூன்றரைச் சுற்றும் தாண்டிய பிறகுதான் அது மெதுவாக ஏறி வந்தது. பெரியவர் திண்ணையிலிருந்து இறங்கி, கேஸ்கட்டை எடுத்துக் கொடுத்தார்.