முப்பது என்றால் எது முப்பது?

அக்னி தீர்த்தத்தில் நீராடி ஊர் திரும்பும் யாத்திரிகர் ஒருவரின் கார், பாம்பன் பாலத்துக்கு இப்பாலுள்ள பஞ்சர் கடையொன்றில் நின்றபோது நானும் அங்கிருந்தேன். "எவ்வளவு வைக்கணும்ணே?" என்று பையன் கேட்டான். கதவோரத்துச் சீட்டில் பவுண்டுக் கணக்கு வெயிலில் வெளுத்துப்போய்க் கிலோபாஸ்கல் மட்டும் மிஞ்சியிருந்தபடியால், "இருநூத்திப் பத்துன்னு போட்டிருக்கு, தம்பி" என்றார் அவர். பையன் சிரித்துவிட்டான். "டயரு வெடிச்சிரும்ணே, முப்பது போதும்."

இருவர் சொன்னதும் ஏறக்குறைய ஒன்றே. கிலோபாஸ்கலை ஏழால் வகுத்தால் சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்பது கைக்கு வந்துவிடும். ஆயினும் வகுக்கும் வித்தையைவிட என் சிந்தையை வாட்டுவது வேறொன்று: எண்ணைச் சொல்லி அலகை விழுங்கிவிடும் நம் வழக்கம்.

அதே முப்பதைப் பாதரசமானியில் வைத்துப் பாருங்கள். முப்பது அங்குலம் என்பது சாந்தமான வானிலை, ஏறத்தாழ 1016 ஹெக்டோபாஸ்கல்; இருபத்தெட்டு அங்குலமோ 948, அதாவது கொடும்புயல். இரண்டே எண் இறங்கியது என்று பழைய அளவில் அலட்சியமாகத் தோன்றுவது, புதிய அளவில் அறுபத்தெட்டாக விரிந்து அச்சமூட்டுகிறது. அச்சம் நியாயமானதே, ஏனெனில் காற்றின் பாரம் ஒரு ஹெக்டோபாஸ்கல் குறையுமிடத்துக் கடல் சுமார் ஒரு சென்டிமீட்டர் எழும், பாதரசம் ஓர் அங்குலம் இறங்கினால் நீர்மட்டம் ஓரடிக்கும் மேலாக உயரும். 1964 டிசம்பர் 22 இரவில் தனுஷ்கோடியை மூடிய பேரலைக்குக் காற்றின் வேகமே பிரதான காரணமெனினும், இந்த மௌனமான ஏற்றமும் அதற்குத் துணைநின்றது.

கீழக்கரைப் பக்கம் சங்கு குளிப்போர் ஆழத்தைப் 'பாகம்' என்று எண்ணினர். ஐந்தரைப் பாகம், அதாவது பத்து மீட்டர், இறங்கினால் மேலேயுள்ள வாயுமண்டலம் முழுவதற்கும் நிகரான பாரம் கூடுதலாக மார்பில் ஏறும். அவர்கள் எண்ணோடு அலகையும் சேர்த்தே சொன்னார்கள். சொல்லாவிடில் உயிருக்கு ஆபத்து.

1956-லேயே மெட்ரிக் அளவைச் சட்டம் இயற்றிய தேசத்தில், சக்கரத்துக் காற்று மட்டும் இன்னும் பவுண்டிலேயே அடைபட்டிருக்கிறது. பழகிய அளவே பத்திரமானது என்று வாதிப்போரும் உளர், இருக்கட்டும். அவர்களும் அலகின் பெயரை வாய்விட்டுச் சொன்னால் எனக்கு ஆட்சேபணையில்லை.

அலகு வேண்டாத எண் ஒன்று இக்கரையில் உண்டு. பாம்பன் துறைமுகத்தில் புயற்கூண்டு ஏறினால், "எத்தனாம் நம்பரு?" என்றுதான் கேட்பார்கள், பதிலைக் கேட்டதும் படகுகள் கரையேறும். அந்த எண்ணுக்கு ஒரே பொருள்தான் என்பதைக் கரை முழுவதும் அறியும். மற்ற எண்களுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. பஞ்சர் கடையிலிருந்து கார் முப்பதோடு புறப்பட்டது. எது முப்பது என்று கடைசிவரை ஒருவரும் கேட்கவில்லை.