குடிநிலம் தேர்தல்

ஒரு வீட்டார் தமக்கு வேண்டும் உணவில் பெரும்பகுதியையும் குடிநீரையும் விறகையும் தாம் வாழும் நிலத்திலிருந்தே பெறுதற்கு ஏற்ற இடத்தைக் குடிநிலம் என்று இக்கட்டுரை வழங்கும். விற்பனைக்கென ஒரே பயிரை விளைவிக்கும் பண்ணையினின்று அது வேறுபட்டது. பண்ணையில் குறைவதைச் சந்தை நிரப்பும். குடிநிலத்தில் குறைவதை அந்நிலமே நிரப்பியாக வேண்டும். எருவிட்டு மண்ணைத் திருத்தலாம், ஈராண்டில் வேலி எழுப்பலாம், ஆனால் மழையைக் கூட்டுவார் எவருமிலர். ஆதலின் நிலம் தேர்தல் என்பது முதற்கண் நீரின் வரவு செலவை அறிதலேயாகும். அதனைக் கொங்குநாட்டின் வறண்ட உட்பகுதியை எடுத்துக்காட்டாகக் கொண்டு காண்போம்.

ஓர் ஏக்கர் என்பது 4,047 சதுர மீட்டர். அதன்மேல் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் விழும் நீர் ஏறத்தாழ 4,000 இலிட்டர். மேற்குமலைத் தொடரின் மழைமறைவில் கிடக்கும் கொங்கின் பல பகுதிகள் ஆண்டுக்கு 600 முதல் 700 மில்லிமீட்டர் மழையே பெறுகின்றன. 600 எனக் கொள்ளினும் ஏக்கருக்கு 24 இலக்கம் இலிட்டர் வருகிறது. இது பெருஞ்செல்வமாகத் தோன்றும், செலவைப் பாராதவரை. மண்ணின் மேற்பரப்பிலிருந்து எழும் ஆவியும் இலைத்துளைகள் வழி வெளியேறும் ஆவியும் சேர்ந்த நீராவிப்போக்கு, இவ்வெயிலில் நாளொன்றுக்கு 4 முதல் 6 மில்லிமீட்டர் நீரைக் கேட்கும். 5 எனக் கொண்டால் ஆண்டுச் செலவு 1,800ஐத் தாண்டும். அது வரவைப்போல் மும்மடங்கு. வரவோ ஐப்பசி கார்த்திகையைச் சூழ்ந்த சில கிழமைகளில் குவிவது. செலவோ நாள்தோறும் நிகழ்வது. இவ்விரண்டையும் இணைக்கும் இருப்பறை மண்ணே.

மண்ணில் நிற்கும் நீர் மூவகைப்படும். பெருந்துளைகளின் வழியே தன் எடையால் கீழிறங்குவது வடிநீர். நுண்துளைகளில் தங்கி வேருக்குக் கிடைப்பது பற்றுநீர். துகள்களின்மேல் மென்படலமாக ஒட்டி, வேரால் பிரித்தெடுக்க இயலாது நிற்பது ஒட்டுநீர். வடிநீர் இறங்கி முடிந்தபின் மண் தாங்கும் ஈரத்தைக் கொள்நிலை என்றும், பற்றுநீர் தீர்ந்து பயிர் மீளாது வாடும் ஈரத்தை வாடுநிலை என்றும் கூறலாம். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நீரே பயிருக்குரிய இருப்பு. துகள் சிறுக்கச் சிறுக்க நுண்துளை பெருகுதலின், மணற்பாங்கான நிலம் ஒரு மீட்டர் ஆழத்தில் 70 முதல் 100 மில்லிமீட்டர் நீரை வைத்திருக்க, களிப்பாங்கான கரிசல் 150க்கு மேலும் வைத்திருக்கும். முன்னது இரண்டு மூன்று கிழமைக்கும் பின்னது ஒரு திங்களுக்கும் போதும். ஆனால் கொங்கின் செவ்வல் பல இடங்களில் ஒன்றரை அடியிலேயே சரளையையோ சுக்கானையோ தொட்டுவிடுகிறது. அங்கே இருப்பு ஒன்பது நாளைக் கடவாது. இரு மழைகளுக்கிடையே பதினைந்து நாள் வறண்டால், அப்படி வறள்வது அரிதுமன்று, கதிர்விடும் நிலையிலுள்ள சோளம் பதராகும். பட்டாவைப் பார்க்குமுன் மேட்டிலும் சரிவிலும் பள்ளத்திலும் இடுப்பளவு குழி எடுத்துப் பார்த்தல் வேண்டும் என்பது இதனாலேயே.

இவ்வொன்பது நாள் இருப்பை நன்கறிந்தோர் கண்ட விடைதான் காங்கேயம், தாராபுரம், மூலனூர்ப் பகுதிகளில் காணும் கொறங்காடு. நிலத்தை உழாது புல்லுக்கு விட்டு, சுற்றிலும் முள்கிளுவையை உயிர்வேலியாக வளர்த்து, இடையிடையே வெள்வேல மரங்களை நிற்கவிடும் மேய்ச்சல் அமைப்பு இது. இம்மூன்றும் ஒரே வறட்சியை மூன்று வழியில் எதிர்கொள்கின்றன. கொழுக்கட்டைப்புல் பல்லாண்டு வாழ்வது. ஈரம் தீர்ந்தால் மேற்புறம் காய்ந்து, உயிரைத் தூரில் ஒடுக்கி, அடுத்த மழைக்குத் துளிர்க்கும். சோளத்தைக் கொல்லும் பதினைந்து நாள், இப்புல்லுக்கு ஓர் இடைவேளை மட்டுமே. வெள்வேலத்தின் வேர் சரளையைக் கடந்து, புல் எட்டாத ஈரத்தை எடுக்கும். புல் அற்றுப்போன கோடையில் அதன் காய்கள் ஆடுமாடுகளுக்குத் தீனியாகும். கிளுவை வறண்ட திங்கள்களில் இலையுதிர்த்துத் தன் நீர்ச்செலவைத் தானே குறைத்துக்கொள்ளும். போத்து நட்டாலே வேர்பிடிப்பதால் வேலிக்கென வெளியிலிருந்து கம்பியோ கல்லோ வாங்க வேண்டுவதில்லை. காட்டைத் துண்டு துண்டாக வேலியிட்டு மந்தையை மாற்றி மாற்றி விடுவதால் மேய்ந்த புல்லுக்கு ஓய்வும் கிடைக்கிறது. மாந்தர் குடலால் செரிக்கவியலாத புல்லின் நாரை மாட்டின் முதலிரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள் உடைத்துத் தர, அது பாலாகவும் உழைப்பாகவும் எருவாகவும் வீட்டுக்கு வருகிறது. காங்கேயம் மாடு பாலுக்கன்று, உழைப்புக்கே பெயர்பெற்றது. ஆகவே பாலுக்கு ஓர் எருமையும் உடன் வேண்டும். முல்லைக்கு ஆநிரை மேய்த்தலையும் வரகையும் சாமையையும் உரியவாக வகுத்த பழந்தமிழ் நெறி வெறும் பாட்டு மரபன்று, நிலநூலும் ஆகும் என்று இதைக் காண்பார்க்குத் தோன்றும்.

இனி உணவுக் கணக்கு. ஐவர் வாழும் வீட்டுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 10,000 கிலோகலோரி ஆற்றல் வேண்டும். அதில் பாதியைக் கேழ்வரகு தருவதாயின், கிலோவுக்கு 3,200 வீதம், ஆண்டுக்கு 570 கிலோ தேவை. வான்மழையால் மட்டும் ஏக்கருக்கு 500 கிலோ விளையும் என அடக்கமாகக் கொண்டால் ஒன்றேகால் ஏக்கருக்குச் சிறிது குறைய வேண்டும். மழை பொய்க்கும் ஆண்டையும் எண்ணி அதை இரட்டித்து, பள்ளத்தின் ஆழமண்ணில் இரண்டரை ஏக்கர் ஒதுக்குதல் தகும். எஞ்சிய பாதியைப் பயறும் எண்ணெயும் பாலும் முட்டையும் காய்கறியும் தரும். குடிநீர் இதனினும் எளிது. 100 சதுர மீட்டர் கூரைமேல் 600 மில்லிமீட்டர் மழை 60,000 இலிட்டர்; ஐந்தில் ஒரு பங்கு போயினும் 48,000 மிஞ்சும். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளுக்கு 10 இலிட்டர் எனில் ஐவர்க்கு ஆண்டுக்கு 18,250 தான் செலவாகும்.

தோட்டப் பாசனத்துக்கோ கிணறு வேண்டும்; அதன் இயல்பு பாறையைப் பொறுத்தது. கொங்கின் அடித்தளம் பெரும்பாலும் வரிப்பாறையும் சார்னோக்கைட்டு என்னும் கடும்பாறையுமாகும். இப்பாறைகள் மணற்படிவுபோல் தம்முள் நீர் கொள்வதில்லை. மேலே சிதைந்த அடுக்கிலும் கீழே விரிசல்களிலுமே நீர் நிற்கும். எனவே ஆயிரமடி துளைத்தும் வறண்ட ஆழ்துளைக் கிணறும், ஐம்பதடியில் ஊறும் திறந்த கிணறும் அடுத்தடுத்த காடுகளில் இருத்தல் இயல்பே. பாறைக்குழம்பு விரிசலில் ஏறி உறைந்த கருங்கற் சுவர் சரிவுக்குக் குறுக்கே ஓடுமிடத்தில், அதன் மேற்சரிவில் நிலத்தடி நீர் தேங்குதலும் உண்டு.

விலக்கத்தக்க நிலங்களையும் சுருங்கச் சொல்வோம். கரையும் உப்பு மிகுந்து வெண்பூ பூப்பது உவர். நல்ல நீரும் வடிகாலும் இருந்தால் அதைக் கழுவலாம். சோடியம் களித்துகளைப் பற்றி, மழை பெய்தால் சேறாகவும் காய்ந்தால் கட்டியாகவும் இறுகச் செய்வது களர். அதற்குச் சிப்சம் இட்டுக் கால்சியத்தால் சோடியத்தை வெளியேற்றியாக வேண்டும், பொருளும் ஆண்டுகளும் செல்லும். பாலக்காட்டுக் கணவாய் வழியே ஆனி முதல் ஆவணிவரை வீசும் காற்று நீராவிப்போக்கை மிகுவிக்கும். அதற்கு நேர்முகமாக நிற்கும் மொட்டைச் சரிவில், மேற்கே மரவரிசையின்றிக் காய்கறி வைத்தல் வீண்.

ஐப்பசி மழையில் ஒருமுறை நிலத்தைக் கண்டு, நீர் எவ்வழி ஓடுகிறது, எங்கே மண்ணை அரிக்கிறது என்று அறிக. வைகாசியில் மீண்டும் சென்று கிணற்றை இறைத்து, நீர்மட்டத்தைக் குறித்து, மறுநாள் அதே பொழுதில் மீண்டும் அளக்க. ஆறு மீட்டர் குறுக்களவுள்ள வட்டக்கிணற்றில் ஒரு மீட்டர் ஊறியிருந்தால் அது 28,000 இலிட்டர். நாளுக்கு 5 மில்லிமீட்டர் வீதம் 5,600 சதுர மீட்டருக்கு, அதாவது ஏறத்தாழ 1.4 ஏக்கருக்குப் போதும். பத்து ஏக்கர் நிலமாயின் அதில் தோட்டம் 1.4 ஏக்கர், கேழ்வரகுக்கு இரண்டரை ஏக்கர், மீதி ஆறு ஏக்கரும் கொறங்காடு. விற்பவர் அக்கிணற்றை மட்டும் காட்டி நான்கு ஏக்கர் தென்னை நிற்கிறதே என்பாராயின், எஞ்சிய 2.6 ஏக்கருக்கு நீர் தரும் ஆழ்துளைக் கிணறு எங்கே உள்ளது, அதை எத்தனை முறை ஆழப்படுத்தினார்கள் என்று விலை பேசுமுன் கேட்டறிக.