கொல்லிமலைப் பாதையும் வனஜந்துக்களும்

வல்வில் ஓரியின் ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஆகிய ஐந்தையும் வீழ்த்தியதாகப் புறநானூற்றில் வன்பரணர் பாடியிருக்கிறார். அவன் ஆண்ட கொல்லிமலையில் இன்று யானையுமில்லை, புலியுமில்லை. அவற்றிற்காகப் பிரலாபித்துப் பிரயோஜனமில்லை. மிச்சமுள்ள ஜீவன்களுக்கேனும் வழிவிட வேண்டாமா என்பதே நமது கேள்வி.

காரவள்ளியிலிருந்து மேலேறும் பாதையில் 70 கொண்டையூசி வளைவுகள் உள்ளன. அப்பாதை கூடாதென்று நாம் சொல்ல வரவில்லை. பிரசவ வேதனையிலுள்ள ஸ்திரீயை ஆஸ்பத்திரி சேர்க்கவும், மிளகைச் சந்தைக்கு இறக்கவும் மலையாளி ஜனங்களுக்கு அது அவசியம். பட்டணத்தில் உட்கார்ந்துகொண்டு மலைவாசிக்கு ரஸ்தா எதற்கு என்று உபதேசிப்பது அழகல்ல. ஆனால் மலைச்சரிவை வெட்டுகையில் பெயரும் கல்லையும் மண்ணையும் அப்படியே கீழே தள்ளிவிட்டால், அங்குள்ள செடிகொடிகள் புதைந்து போகின்றன. மழை அம்மண்ணை ஓடையில் சேர்க்கிறது. வெயில் விழுந்த வெற்றிடத்தை உண்ணிச்செடி பிடித்துக்கொள்கிறது. இருபுறத்துக் கிளைகளும் பிரிந்துவிட்டால், மரத்திலேயே வாழ்ந்து பழகிய பிராணி தார்மீது இறங்கி வண்டியில் அடிபடுகிறது.

பரிகாரம் வெகுதூரத்தில் இல்லை. வால்பாறையில் சிங்கவால் குரங்குகள் சாலையைக் கடக்கும்பொருட்டு மரத்துக்கு மரம் தொங்குபாலம் கட்டியிருக்கிறார்கள். அப்பிரதேசத்திலேயே, தேயிலைத் தோட்டங்களினிடையே சிதைந்து கிடந்த சோலைத் துண்டுகளில் களை நீக்கிச் சுதேச மரக்கன்றுகளை நடும் வேலையை இருபது வருஷங்களுக்கு மேலாக நேச்சர் கன்ஸர்வேஷன் பவுண்டேஷன் செய்துவருகிறது. மகாராஷ்டிரத்தில் பெஞ்ச் வனத்தினூடே செல்லும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில், ஜந்துக்கள் அடியில் நடந்துபோக 9 வழிகள் அமைக்கப்பட்டன. புலிகளே அவற்றில் போய்வருவதைக் காமிராக்கள் பதிவு செய்தன. பந்திப்பூரிலோ 2009 முதல் இரவு 9 மணிக்கும் காலை 6 மணிக்கும் இடையே பொதுவாக வாகனப் போக்குவரத்து தடுக்கப்பட்டிருக்கிறது.

கொல்லிமலைக்கு இத்தனை செலவு வேண்டியதில்லை. வெட்டிய மண்ணைச் சரிவில் கொட்டாமல் அப்புறப்படுத்துவதும், சிறு பிராணிகள் நுழையத்தக்கபடி மதகுகளை அகலப்படுத்துவதுமே முதல் வேலை. பிறகு நடவு. சில்வர் ஓக் மரம் விரைவில் வளரும், மிளகுக்கொடி ஏற உதவும்; அதற்காக அதையே வரிசையாக நட்டுவிட்டு வனம் திரும்பிற்று என்று கணக்கெழுதுவது கேலிக்கூத்து. எந்த மரம் எந்தப் பருவத்தில் காய்க்கும் என்பது மலையாளிக் குடியானவருக்குத் தெரியும். விதை சேகரிக்கும் வேலையை அவரிடம் தக்க கூலிக்கு ஒப்புவிக்கலாம். வளைவுதோறும் வண்டியை நிறுத்திக் குரங்குகளுக்குப் பக்ஷணம் எறியும் கனவான்களுக்கு அபராதம் விதிப்பதும் தகும்.

இப்பாதைக்கு அடுத்த எஸ்டிமேட் தயாராகும்போது, தாருக்கும் ஜல்லிக்கும் எழுதும் தொகையின் கீழ் ஐந்து வருஷத்து நாற்றுக்கும் களையெடுப்புக் கூலிக்கும் ஒரு தொகை எழுதப்பட்டிருக்கிறதா என்று நாமக்கல் ஜில்லாவின் சட்டசபை அங்கத்தினர்கள் கேட்பார்களாக.