உள்ளே போகும் துணிக்கை வெளியேறுமா?

நுகேகொடை, கங்கொடவிலவில் உள்ள ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியை நில்வலா கொட்டேகொட தலைமையிலான குழு, 2017-இல் ஒரு புதிய உரத்தை அறிவித்தது. எலும்பிலும் பல்லிலும் உள்ள ஐதரொட்சி அபடைற்றுக் கனிமத்தின் நனோ துணிக்கைகளில் யூரியாவைப் பிணைத்து, அது வயலில் மெல்ல மெல்லக் கரையும்படி செய்திருந்தார்கள். ஏறத்தாழ அதே காலத்தில் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அந்தக் கனிமம் பூசிய இரும்பு ஒட்சைட்டுத் துணிக்கைகளில் மஞ்சளின் குர்குமினையும் இஞ்சியின் ஜின்ஜெரோலையும் ஏற்றிப் புற்றுநோய்க் கலங்களில் சோதித்தார்கள்.

இரண்டிலும் யோசனை ஒன்றே: கனிமம் சுமக்க வேண்டும், சரக்கை நிதானமாக இறக்க வேண்டும். ஆனால் உடலுக்குள் போனால், சரக்கை இறக்கிய பின் அந்தக் கனிமம் எங்கே போகிறது என்றும் கேட்டாக வேண்டும்.

துளைகளின் வலிமை

இப்படி மருந்தைச் சுமக்கும் கனிமங்களில் உலகம் மிகுதியாக ஆராய்வது நுண்டுளைச் சிலிக்காவை. 1992-இல் மோபில் நிறுவன ஆய்வாளர்கள் அறிவித்த எம்சிஎம்-41 என்ற அத்தகைய சிலிக்கா தேன்கூடு போன்றது. ஒரே கிராமின் பரப்பு ஏறத்தாழ 1,000 சதுர மீற்றர். 2001-இல் ஸ்பெயினின் மரியா வலட்-ரெஹி குழு அந்தத் துளைகளில் இபுபுரோஃபன் மருந்தை ஏற்றிக் காட்டியது.

சிலிக்கா என்றதும் கல்லுடைப்போரின் நுரையீரலை அரிக்கும் சிலிக்கோசிஸ் நினைவுக்கு வரும். அதற்குக் காரணம் சுவாசத்தில் புகும் பளிங்குருச் சிலிக்காத் தூசு. மருந்துக்கு எடுப்பது பளிங்குருவற்ற வகை. அது உடலில் மெதுவாகக் கரைந்து சிலிசிக் அமிலமாகிச் சிறுநீரில் வெளியேறும்.

ஆயினும் அச்சம் முழுதும் தீரவில்லை. பூச்சில்லாத சிலிக்காவின் மேற்பரப்பு செங்குருதிக் கலங்களின் சவ்வைச் சிதைக்கக்கூடும். பெரிய துணிக்கைகளை ஈரலும் மண்ணீரலும் பிடித்து வைத்துக்கொள்ளும். ஏறத்தாழ 6 நனோமீற்றருக்கு உட்பட்டவையே சிறுநீரகத்தைத் தாண்டி எளிதில் வெளியேறும். அமெரிக்காவில் அத்தகைய சிறிய, துளையற்ற சிலிக்காத் துணிக்கைகளை ஐந்து புற்றுநோயாளருக்கு ஏற்றிய ஆய்வு 2014-இல் வெளியானது. பாரதூரமான பாதிப்பு தென்படவில்லை. ஆனால் அது படம்பிடிப்புக்காக மிகச் சிறிய அளவில் ஒருமுறை ஏற்றியது. மருந்தென்றால் கூடிய அளவு, பல தடவை.

நமது சிறுநீரகங்கள்

இலங்கையருக்கு இந்தக் கேள்வி இன்னும் கூர்மையானது. கரைந்த சிலிக்கா வெளியேறும் வாசல் சிறுநீரகம். வடமத்திய மாகாணத்திலோ 1990-கள் முதல், காரணம் உறுதிப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய் விவசாயக் குடும்பங்களை வதைக்கிறது. நீரிழிவால் சிறுநீரகம் தளர்ந்தவர்கள் கொழும்பிலும் ஏராளம். நல்ல சிறுநீரகம் உள்ளவரிடம் மட்டும் சோதித்து 'பாதுகாப்பானது' என்று சொன்னால், அந்தச் சொல் இவர்களுக்குப் பொருந்தாது.

ஆகவே இத்தகைய நனோ மருந்து எதுவும் இங்கே வருமுன், சிறுநீரகம் தளர்ந்தவர்களில் அது எவ்வளவு நாள் தங்குகிறது, மீண்டும் மீண்டும் ஏற்றினால் ஈரலில் சேர்கிறதா என்ற விவரங்களை ஔடத ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை கேட்டுப் பெற வேண்டும்; பெற்றதை மக்கள் முன் வைக்க வேண்டும். கனிமத்தில் சுமை ஏற்றும் கலையில் தேர்ந்த நம் ஆய்வுகூடங்கள், அந்தச் சுமைதாங்கி உடலைவிட்டு வெளியேறும் வழியையும் அதே அக்கறையோடு ஆராயட்டும். அதற்கு அரசு பணம் ஒதுக்கட்டும்.