இரவு 8.47: அருணாசலத்தின் மேல் ஒரு வெளிச்சம்

1950 ஏப்ரல் 14, வெள்ளிக்கிழமை. திருவண்ணாமலை ரமணாசிரமத்தில் கூட்டம் கலையாமல் நின்றது. இடது கையில் வந்த புற்றுக்கட்டிக்கு நான்கு முறை அறுவை சிகிச்சை செய்தும் ரமண மகரிஷி தேறவில்லை. அவர் கிடந்த சின்னஞ்சிறு அறைக்கு வெளியே பக்தர்கள் அட்சரமணமாலை பாடிக்கொண்டிருக்க, இரவு 8.47-க்கு மூச்சு அடங்கியது.

அதே நேரம், தான் தங்கியிருந்த வீட்டின் முன்னால் வெட்டவெளியில் நண்பர்களோடு நின்றிருந்தார் ஆன்ரி கார்த்தியே-பிரெஸ்ஸோன். உலகமே கொண்டாடிய பிரெஞ்சுப் புகைப்படக்காரர். 1948-ல் காந்தி சுடப்படுவதற்குக் கொஞ்ச நேரம் முன்புகூட அவரைச் சந்தித்தவர். நண்பர்கள் கைகாட்ட, அவரும் அண்ணாந்து பார்த்தார். ஒளிவால் நீண்ட ஒரு வெளிச்சம் தெற்கிலிருந்து புறப்பட்டு, மெதுவாக வானத்தைக் கடந்து, அருணாசல மலை உச்சிக்குப் போய் அதன் பின்னால் மறைந்தது. இப்படி ஓர் எரிநட்சத்திரத்தை அதற்கு முன் தான் பார்த்ததில்லை என்று சொன்னார். ஆனால் அந்தக் கணத்தில் அவரும் நண்பர்களும் செய்த முதல் காரியம், கைக்கடிகாரத்தைப் பார்த்ததுதான். மணி 8.47. பிறகுதான் ஆசிரமத்துக்கு ஓடினார்கள்.

அமெரிக்க விமானி கென்னத் அர்னால்டு வானில் விசித்திரப் பொருள்களைப் பார்த்ததாகச் சொல்லி, 'பறக்கும் தட்டு' என்ற பேச்சு உலகமெங்கும் பரவத் தொடங்கியது 1947 ஜூனில். இந்த வெளிச்சம் தோன்றியது மூன்றே ஆண்டு கழித்து. இருந்தும் திருவண்ணாமலையில் அதைப் பறக்கும் தட்டு என்று சொன்னவர் இல்லை, ஜோதி என்றார்கள். மலையையே அக்னியாகக் கும்பிட்டு, கார்த்திகை தோறும் உச்சியில் கொப்பரை வைத்துத் தீபம் ஏற்றும் ஊர் வேறு எப்படிச் சொல்லும்?

அது பெரியதோர் எரிகல் என்பதே என் முடிவு. இப்படிப்பட்ட எரிகற்கள் ஏறக்குறைய 80, 100 கிலோமீட்டர் உயரத்தில் எரிபவை. அருணாசலமோ கடல் மட்டத்திலிருந்து சுமார் 800 மீட்டர்தான். மலைக்குத் தெற்கே நிற்பவரின் கண்ணுக்கு அது உச்சியில் போய் அடங்கியது போலத் தெரியும். உண்மையில் நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் போயிருக்கும். சென்னையிலும் அந்த ஒளியைப் பார்த்தார்கள் என்று ரமணரின் வரலாற்று நூல்கள் சொல்கின்றன. அவ்வளவு உயரத்தில் எரிந்தால்தான் இரண்டு ஊரிலும் தெரியும். ரமணரின் மூச்சு அடங்கிய நிமிடமும் எரிகல் வானைக் கடந்த நிமிடமும் ஒன்றாக அமைந்ததற்கு வானியலிடம் விளக்கம் இல்லை. பக்தர்கள் அதைத் தங்கள் குருவின் ஒளியாக நெஞ்சில் வைத்திருப்பதில் எனக்கு மறுப்பும் இல்லை.

மணி பார்ப்பதன் அருமை ஜிம்மி கார்ட்டர் கதையில் விளங்கும். அமெரிக்க ஜனாதிபதியாவதற்கு முன்பு, ஜார்ஜியாவில் ஒரு லயன்ஸ் கிளப் கூட்டத்துக்குப் போன இடத்தில், நிறம் மாறும் ஒளி ஒன்றைப் பார்த்தார். அதை எழுத்தில் கொடுத்தது 1973-ல். சம்பவம் நடந்தது 1969 அக்டோபர் என்று குறிப்பிட்டிருந்தார். கிளப் பதிவுகளைத் தேடிப் பார்த்தவர்களுக்குக் கிடைத்த தேதியோ அதே ஆண்டின் ஜனவரி 6. அன்றைய மாலை மேற்கு வானில் வெள்ளிக் கிரகம் பளிச்சென்று இருந்தது. அது வெள்ளிதானா என்ற வாதம் இன்றும் ஓயவில்லை. பொய் சொல்லும் மனிதர் அல்ல கார்ட்டர். நாலு வருடத்து நினைவு அவரைக் கைவிட்டது, அவ்வளவுதான்.

நம் பக்கத்திலும் 2023 ஜூலையில், ஓய்வுபெற்ற டிஜிபி பிரதீப் வி. பிலிப் முட்டுக்காடு அருகே வானில் அடையாளம் தெரியாத பொருள்களைக் கண்டதாகப் படங்களோடு சொன்னார். பிரபலம் சொன்னால் செய்தி பறக்கிறது. ஆனால் பதவியும் புகழும் கண்பார்வையைக் கூர்மையாக்குவதில்லை.

திருவண்ணாமலைக்கு வடமேற்கே, ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம் இருக்கிறது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைக்கவிருந்தது. கிரகம் நெருங்குவதற்கு முன்பே அந்த நட்சத்திரத்தின் ஒளி சில விநாடி மங்கியதைக் காவலூர் தொலைநோக்கி நேரத்தோடு பதிவு செய்தது. வேறு இடங்களிலும் அதே இரவில் அப்படிப் பதிவானது. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தபோதுதான் யுரேனஸுக்கு வளையங்கள் உண்டு என்பது உலகத்துக்குத் தெரிந்தது. பூமிக்கு வெளியே உயிர் இருக்கிறதா என்ற கேள்விக்கும் ஒருநாள் விடை வருமானால், இப்படிப் பொறுமையாகக் குறித்து வைத்த கணக்கிலிருந்துதான் வரும் என்று உறுதியாக நம்புகிறேன்.

பௌர்ணமி கிரிவலத்தில் இன்று வானத்தைப் பார்க்கிறவர்கள் அநேகம். வரிசையாக நகரும் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களைக் கண்டு பதறுகிறவர்களும் உண்டு. புரியாத ஒளி ஒன்று உங்கள் கண்ணில் பட்டால், முதலில் மணியைப் பாருங்கள். எந்தத் திசையில் தோன்றி எங்கே மறைந்தது, எத்தனை விநாடி நீடித்தது, எங்கே நின்று பார்த்தீர்கள் என்று அங்கேயே எழுதி வையுங்கள். வாட்ஸ்அப்பில் போடுவது அதற்குப் பிறகு இருக்கட்டும்.