ஒரே பாம்பு... ஊருக்கு ஒரு விஷம்!

எங்கள் தர்மபுரிப் பக்கம் மழை விழுந்துவிட்டால், கேழ்வரகுக் கொல்லையில் களை எடுக்கிறவர்கள், நிலக்கடலை பிடுங்குகிறவர்கள், ராத்திரியில் மோட்டார் போடப் போகிறவர்கள் எல்லோருக்கும் ஒரு பயம் கூடவே வரும். பாம்பு! 'நாம டவுன்லதானே இருக்கோம், நமக்கென்ன' என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். லீவுக்குப் போகும் மாமனார் ஊர், புறநகரில் வாங்கிப் போட்ட மனை என்று எங்காவது ஓரிடத்தில் உங்களுக்கும் இது உண்டு.

இந்தியாவில் 2000 முதல் 2019 வரை சுமார் 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்ததாக 2020-ல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. அதாவது, வருஷத்துக்குச் சராசரியாக 58,000 பேர்!

விஷத்துக்குள் என்ன இருக்கிறது?

பாம்பு விஷத்தை உலர்த்திப் பார்த்தால், அதில் 90 சதவீதத்துக்கு மேல் புரதம்தான். 'பருப்பிலும் முட்டையிலும் இருக்கிறதே, அந்தப் புரதமா?' என்று கேட்பீர்கள். இனம் அதேதான், வேலைதான் வேறு. ஒரே சொட்டு விஷத்தில் பல வகைப் புரதங்கள் கலந்திருக்கும். நல்ல பாம்பின் சில புரதங்கள் நரம்பு சொல்வதைத் தசை கேட்கவிடாமல் தடுத்துவிடும். கண் இமை தொங்கும், பிறகு மூச்சு திணறும். கண்ணாடி விரியனின் புரதங்கள் ரத்தத்தை உறையவிடாமல் செய்யும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். கட்டு விரியன் கடித்தால் பல சமயம் வலியே தெரியாது. தரையில் படுத்துத் தூங்கியவர் விடியற்காலையில் வயிற்று வலி என்று எழுந்திருப்பார்.

சாம்பார் பொடி கணக்கு

உங்கள் வீட்டு சாம்பார் பொடியிலும் பக்கத்து வீட்டுப் பொடியிலும் மிளகாய், தனியா, பருப்பு, வெந்தயம் எல்லாம் ஒன்றுதான். ஆனால் ருசி ஒன்றா? அளவு மாறினால் ருசி மாறிவிடும், இல்லையா? பாம்பு விஷமும் அப்படித்தான். இரண்டு ஊர்களில் இருக்கும் ஒரே வகைக் கண்ணாடி விரியனின் விஷத்தில் எந்தப் புரதம் அதிகம், எது குறைவு என்பது மாறுகிறது. பாம்பின் வயதும் இதை மாற்றும்.

இந்தக் கணக்கை எடுக்கும் துறைக்குப் பெயர்தான் புரோட்டியோமிக்ஸ். புரதங்களைத் துண்டு துண்டாக்கி, ஒவ்வொரு துண்டின் எடையையும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் என்ற கருவியில் அளக்கிறார்கள். அது எந்தப் புரதத்தின் துண்டு என்பதைக் கம்ப்யூட்டர் பழைய பட்டியல்களோடு ஒப்பிட்டுச் சொல்கிறது. நமக்குப் பக்கத்தில் உள்ள பெங்களூரில் இந்த வேலை ஜரூராக நடக்கிறது. அங்குள்ள இன்ஸ்டிட்யூட் ஆஃப் பயோஇன்ஃபர்மேடிக்ஸும் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகமும் சேர்ந்து 2014-ல் மனித உடலின் புரதங்களுக்கே ஒரு வரைபடம் வெளியிட்டன. 17,000-க்கு மேற்பட்ட மரபணுக்களின் புரதங்கள் அதில் உண்டு. பாம்பு விஷங்களை அங்குள்ள இந்திய அறிவியல் கழகத்தில் கார்த்திக் சுனகர் குழுவினர் ஆராய்கிறார்கள்.

பட்டியல் எடுப்பதைவிட, அதை ஒழுங்காக வைத்துக் காப்பது பெரிய வேலை. எந்த ஊர்ப் பாம்பு, குட்டியா பெரிசா, எப்போது எடுத்த விஷம் என்ற குறிப்பு இல்லாவிட்டால், ஆயிரம் புரதப் பெயர்கள் இருந்தும் பிரயோஜனமில்லை. சித்த மருந்து செய்கிற எங்களுக்கு இது புதிதல்ல. எந்த மண்ணில், எந்தப் பருவத்தில் பறித்தது என்று தெரியாத மூலிகையை நம்பி மருந்து செய்ய முடியுமா?

இதனால் நமக்கு என்ன?

பாம்புக்கடிக்கான விஷ முறிவு மருந்தைக் குதிரைக்குச் சிறிது சிறிதாக விஷம் ஏற்றி, அதன் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்புப் புரதங்களிலிருந்து தயாரிக்கிறார்கள். அதற்கான விஷம் நெடுங்காலமாகப் பெரும்பாலும் ஒரே இடத்திலிருந்துதான் போகிறது. செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவு சங்கம்தான் அது. அந்தக் கரையோரப் பாம்புக்கு எதிராகச் செய்த மருந்துதான் பாலக்கோட்டுக்கும் போகிறது, ராஜஸ்தானுக்கும் போகிறது. எல்லா ஊர் விஷத்தையும் இது ஒரே அளவுக்கு முறிக்கவில்லை என்று பெங்களூர்க் குழு 2021-ல் வெளியிட்ட ஆய்வுகள் காட்டின.

'அப்போ மருந்தை நம்ப வேண்டாமா டாக்டர்?' என்று கேட்டுவிடாதீர்கள்! நம்பத்தான் வேண்டும். உடம்பில் ஏறிய விஷத்தை முறிக்க இன்று நம் கையில் இருக்கும் மருந்து அது ஒன்றுதான். விரியன் விஷம் ஏறியிருக்கிறதா என்று பார்க்க, ஆஸ்பத்திரியில் ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, உறைகிறதா என்று கவனிப்பார்கள். இதையும் மற்ற அறிகுறிகளையும் வைத்து எத்தனை குப்பி என்று முடிவு செய்வார்கள்.

சித்த மருத்துவக் கல்லூரியில் நஞ்சு நூலைப் பாடமாகப் படித்தவன் என்ற முறையிலேயே சொல்கிறேன். பாம்பு கடித்தால் என்னிடம் வராதீர்கள், பச்சிலைக்காரரிடமும் போகாதீர்கள். 'வேரை அரைச்சுக் குடுத்தாங்க, பொழச்சுக்கிட்டாரு' என்று ஊரில் சொல்வார்கள். விஷமில்லாத பாம்பு கடித்தாலும், விஷப் பாம்பே விஷம் இறக்காமல் கடித்தாலும் ஆள் பிழைப்பார். பெயர் மட்டும் வேருக்குப் போய்விடும்!

கடித்தவுடன் செய்ய வேண்டியவை:

* மோதிரம், வளையல், மெட்டி, கொலுசைக் கழற்றுங்கள். பிறகு வீக்கம் வந்தால் கழற்ற முடியாது.
* கடிபட்ட கை, காலை அசைக்காமல், ஒரு கட்டையோடு சேர்த்துத் தளர்வாகக் கட்டுங்கள். நடக்க விடாதீர்கள்.
* கயிறு போட்டு இறுக்குவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது கூடவே கூடாது.
* உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். விஷ முறிவு மருந்து உள்ள ஆஸ்பத்திரிக்கே போங்கள்.
* பாம்பைத் துரத்திப் பிடிக்க வேண்டாம். முடிந்தால் தூரத்திலிருந்து ஒரு போட்டோ போதும்.

கடித்த நேரம், இடம், முதலில் தெரிந்த அறிகுறி ஆகியவற்றை டாக்டரிடம் தவறாமல் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் 2024 நவம்பர் முதல் பாம்புக்கடி கட்டாயம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய் ஆகிவிட்டது. நீங்கள் ஆஸ்பத்திரிக்குப் போனால்தான் எந்த ஊரில், எப்படிப்பட்ட கடி என்பது கணக்கில் ஏறும். எந்த ஊர்ப் பாம்பின் விஷத்தை முதலில் ஆராய வேண்டும், எங்கே மருந்தை அதிகம் இருப்பு வைக்க வேண்டும் என்பதெல்லாம் இந்தக் கணக்கிலிருந்துதான் தெரியும். மந்திரிக்கப் போய் வீட்டிலேயே முடிந்துபோகிற உயிர் எந்தப் பட்டியலிலும் வராது. நம் ஊர் விஷத்துக்கு ஏற்ற மருந்து நாளைக்கு வரவேண்டுமானால், நம் ஊர்க் கடி இன்றைக்குப் பதிவாக வேண்டும்!